காசு கிடந்த ஆழம்

எங்கள் பள்ளிக்கூடத்தில் பரீட்சை முடிந்ததும் யாரும் நேராக வீட்டுக்குப் போவதில்லை. மைதானத்து மூலைப் புளியமரத்தடியில் கூடி விடைகளை ஒத்துப் பார்ப்போம். ஒருவன் கேள்வித்தாளைப் பிடித்துக்கொண்டு தன் விடைகளை வாசிப்பான். அதையே எழுதியவர்கள் ‘உண்டு’ என்று கத்த வேண்டும், மற்றவர்கள் ‘இல்ல’. வாசிப்பது எப்போதும் நான்தான். யாரும் என்னை நியமிக்கவில்லை. தாளை நானே பிடுங்கிக்கொள்வேன்.

இரண்டு வருஷத்துக்கு முன், பள்ளி இறுதித் தேர்வில் பௌதிகத் தாள் எழுதிய மதியம் நாங்கள் எட்டுப் பேர் நின்றோம். கடைசிக் கேள்வி ஒரு கணக்கு. தண்ணீர்த் தொட்டியின் அடியில் கிடக்கும் காசு, மேலிருந்து பார்த்தால் மூன்று அடி ஆழத்தில் தெரிகிறது. தண்ணீரின் ஒளிவிலகல் எண் 4/3. உண்மையான ஆழம் என்ன?

“ரெண்டேகால் அடி” என்றேன்.

“உண்டு!” என்றார்கள் ஆறு பேர்.

“இல்ல” என்றான் மணக்குடி நண்பன். கடற்கரையிலிருந்து எங்கள் வகுப்புக்கு வந்த ஒரே ஆள் அவன். “எனக்கு நாலு அடியாக்கும் வந்துது.”

“எப்பிடிலே?”

“காயல்ல மீனு தெரியிற எடத்துல ஈட்டியப் போட்டா மீனு கிட்டுமா? அது இன்னும் கீழல்லா கெடக்கும்.”

“மீனா மக்கா கேட்டிருக்கான்? காசுல்லா கேட்டிருக்கான்!” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவன் சிரிக்கவில்லை. விரல் மடக்கி மார்க் கூட்டினான். அந்தக் கணக்குக்கு ஐந்து மார்க். அது போனால் பாஸ் மார்க்குக்கு மூன்று குறைந்தது.

“அப்போ பௌதிகம் போச்சி. நாளைக்கு ரசாயனம் எழுதி என்ன செய்ய? வெடியக்காலம் அப்பா கூடக் கட்டுமரத்துல போயிருதேன்” என்று சொல்லிவிட்டு நடந்தான். கூப்பிட்டோம், திரும்பவில்லை.

சாயங்காலம் எங்கள் ஊர்க் குளத்தில் குளிக்கும்போது சோப்பு கைநழுவித் தண்ணீருக்குள் இருந்த படியில் போய் உட்கார்ந்தது. எட்டிவிடும் தூரம் என்று குனிந்தேன். தோள்வரை நனைந்தும் கை எட்டவில்லை. தினமும் நடப்பதுதான். அன்றைக்கு மட்டும் அப்படியே குனிந்து நின்றுவிட்டேன். பிறகு கரையேறி, ஈரவிரலால் கல்லில் எழுதிப் பார்த்தேன். எண்ணால் பெருக்க வேண்டிய இடத்தில் வகுத்திருந்தேன். மூன்றை 4/3 ஆல் பெருக்கினால் நாலு. எழுத்து காய்வதற்குள் தலை துவட்டாமலே அண்ணனின் சைக்கிளை எடுத்தேன்.

வழியில், மதியம் ‘உண்டு’ என்று கத்தியவர்களில் ஒருவன் வீட்டு முன்னால் நின்றான். “ஒனக்கும் ரெண்டேகாலா வந்துது?” என்று கேட்டேன்.

“நான் அந்தக் கணக்கத் தொடவே இல்ல மக்கா. நீ சொன்னா செரியாத்தானே இருக்கும்?”

மணக்குடியில் நண்பன் கரையில் அவன் அப்பாவோடு வலையை மடித்துக்கொண்டிருந்தான். சைக்கிளை மணலில் போட்டுவிட்டு ஓடினேன்.

“நாலு அடிதான்லே. நீ எழுதினதுதான் செரி. எனக்காக்கும் தப்பு.”

அவன் வலையை விடாமலே கேட்டான்: “பின்ன ஆறு பேரு உண்டுன்னு சொன்னானுவளே?”

“ஒருத்தன் கணக்கத் தொடவே இல்லியாம். மத்தவனுவளும் என் வாயத்தான் பாத்திருப்பானுவ.”

“சும்மா என்னத் தேத்த வந்தியா?”

நான் மணலில் கணக்கைப் போட்டுக் காட்டினேன். அவன் குனிந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தான். அவன் அப்பா எங்கள் இருவரையும் பார்த்தார். பிறகு மகன் கையிலிருந்த வலை நுனியை வாங்கிக்கொண்டு, “போயிப் படிலே” என்றார்.

மறுநாள் ரசாயனத்துக்கு வந்தான். எனக்கு முந்தின வரிசையில் உட்கார்ந்து கடைசி மணிவரை எழுதினான். புளியமரத்தடியில் வழக்கம்போல் தாள் என் பக்கம் நீண்டது. “இன்னைக்கு நீ வாசி” என்று அவனிடம் தள்ளினேன்.

மூன்றாவது கேள்வியும் ஒரு கணக்கு. அதற்கு அவன் விடை சொன்னதும் ஆறு பேரும் ஒரே குரலில் ‘உண்டு’ என்றார்கள்.

“இல்ல” என்றேன் நான்.

அவன் தாளைத் தாழ்த்தினான். அந்த ஆறு பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தான். பிறகு கீழே கிடந்த குச்சி ஒன்றை எடுத்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்தான்.

“செரி, வா. போட்டுப் பாப்போம்.”