கல்யாணப் பெண் படித்துக்கொண்டிருந்த லாம்டா

தொண்ணூறுகளில் கல்யாணமாகி, ஆரணியில் மாமியார் நடத்தும் பட்டுப்புடவைக் கடைக்கு வந்தபோது, என் எம்.எஸ்சி. இயற்பியல் முதல் வருடத்தோடு நின்றுபோனது.

சில வருடங்கள் கழித்து, முகூர்த்தப் புடவை எடுக்க ஒரு குடும்பம் வந்தது. பெரியவர்கள் புடவைகளைப் பிரித்துப் பார்க்க, கல்யாணப் பெண் மட்டும் ஓரமாக உட்கார்ந்து ஜெராக்ஸ் தாள்களைப் படித்துக்கொண்டிருந்தாள். தாளில் லாம்டா என்ற கிரேக்க எழுத்து கண்ணில் பட்டது.

"அண்டவியல் மாறிலிதானே? அது பூஜ்யம்னுதான் நான் படிச்சேன்" என்றேன்.

அவள் நிமிர்ந்தாள். "இப்ப அப்படி இல்லக்கா. பிரபஞ்சம் வேகம் கூடிகினே விரியுதாம். வெற்றிடத்துக்கும் ஆற்றல் இருக்கு. அதோட அடர்த்தி எவ்வளவுன்னு சொல்றதுதான் இந்த மாறிலி."

"விரிஞ்சா அடர்த்தி குறையணுமே?"

"பொருளோட அடர்த்திதான் குறையும். இது மாறாது."

கொஞ்சம் யோசித்தேன். "அப்போ விரிய விரிய, இந்த ஆற்றலோட கைதான் ஓங்கும்."

அவள் தாள்களை மடியில் வைத்தாள். "நீங்க ஏன்க்கா படிப்ப விட்டீங்க?"

அதற்குள் மாமியார், "அந்த அரக்குக் கலர எடும்மா" என்றார். எழுந்து போனேன்.

அவர்கள் போன பிறகு மாமியார், "அந்தப் பொண்ணுகிட்ட என்ன பேசிகினு இருந்த?" என்று கேட்டார்.

"படிப்பப் பத்தி" என்றேன். புடவைகளை மடிக்கும்போதும் மனம் லாம்டாவிலேயே இருந்தது.

படிக்கும் ஆசை என்னை விட்டுப் போய் ரொம்ப நாளாகிறது என்று நினைத்திருந்தேன். போகவேயில்லை.