இரண்டாம் மாடியில் நின்று பாட்டுக் கேட்டவர்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகும் இந்த நாளில் வேலையை விட்டுவிட்டு, ரயில் மாறி வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். பந்தி போடுவதற்குள் இந்த நினைவு மலரைப் புரட்டிவிடுவீர்கள். மற்றவர்கள் எழுதிய பக்கங்களில் அண்ணனைப் பற்றிய நல்ல விஷயங்கள் இருக்கின்றன. என் பக்கத்தில் என்னைப் பற்றிய ஒரு கெட்ட விஷயமும் இருக்கிறது. அதை எழுத நானாக முன்வரவில்லை. பதினாறாம் நாள் காரியத்தன்று, அண்ணன் வேலை பார்த்த இடத்துக் கேண்டீன் செல்லம்மக்கா என்னை மாடிப்படிக்குக் கீழே மடக்கி, "வருஷத்துக்குள்ள நீயா எழுதுதியா, இல்ல நான் பந்தியில வச்சுச் சொல்லட்டுமா?" என்று கேட்டார். அக்கா இன்றும் வந்திருக்கிறார். முதல் பந்தியில்தான் உட்காருவார்.

அண்ணன் பிறந்தது தாராவியில், தொண்ணூறு அடிச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, எதிரே ஆள் வந்தால் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய ஒரு சந்தில். பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரே அறை, கோலி என்போம். அதில் ஆறு பேர். அண்ணன் மூத்தவர், நடுவில் இரண்டு அக்காமார், கடைசி நான். தோல் பட்டறையில் வேலை பார்த்த அப்பா நெஞ்சு கெட்டு இறந்தபோது அண்ணனுக்குப் பதினாறு வயது, எனக்கு நாலு. அன்று ஆணியில் மாட்டிய பள்ளிக்கூடப் பையை அண்ணன் மறுபடி எடுக்கவில்லை. தோல் பை தைத்தார், துணிக்கட்டு சுமந்தார். இருபத்தைந்தாவது வயதில் ஒரு சபா அரங்கத்தில் லிப்ட் ஓட்டும் வேலை கிடைத்தது. அரங்கத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று அண்ணி சொல்லிவிட்டார்கள். அக்காமார் கல்யாணமும் என் படிப்பும் அந்த லிப்டில் ஏறித்தான் மேலே போயின. என் படிப்பு மட்டும் பாதி மாடியில் நின்றுவிட்டது.

கம்பிக் கதவை இழுத்துச் சாத்தும் பழைய லிப்ட் அது. உள்ளே ஒரு ஸ்டூல், ஒரு விசிறி, ஒரு பல்பு. சின்னப் பெட்டியில் பிறந்து அதைவிடச் சின்னப் பெட்டிக்கு வேலைக்குப் போனவர் என்று அண்ணனின் கல்யாணத்திலேயே நான் மைக்கில் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். விக்ரோலியிலிருந்து வந்த புது அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. இந்தக் குடும்பத்துக்குள் வந்து மாட்டிக்கொண்டது அந்த நிமிஷம்தான் தெரிந்தது என்று பிற்பாடு சொன்னார்கள்.

மேடை மூன்றாவது மாடியில். எனவே மும்பைக்கு வந்த எத்தனையோ பெரிய கலைஞர்கள் அண்ணனோடு அரை நிமிஷம் ஒரே பெட்டிக்குள் நின்றிருக்கிறார்கள். அவர்களாகப் பேசாமல் தான் பேசக் கூடாது என்பது அண்ணன் வைத்துக்கொண்ட சட்டம். இரவுச் சாப்பாட்டில் நான் துளைப்பேன்.

"அண்ணே, இன்னைக்கு வித்வான் வந்தாவளாமே. என்ன சொன்னாவ?"

"மூணாவது மாடின்னாவ."

"வேற?"

"எறங்கும்போது கீழன்னாவ."

நான் உயிரை விடும் ஒரு சினிமா நகைச்சுவை நடிகர் ஒருமுறை விழாவுக்கு வந்தார். அவர் அண்ணனிடம் கேட்டது ஒரு கிராம்பு. பல் வலி. அண்ணன் கேண்டீனிலிருந்து இரண்டு கிராம்பு வாங்கிக் கொடுத்தாராம். நானாக இருந்தால் அந்தக் கிராம்பைக் கொடுப்பதற்குள் நாலு ஜோக் சொல்லி அவர் பல்லைப் பிடுங்கியிருப்பேன். அண்ணன் இதைச் சொன்ன அதே குரலில், அன்று காலை அரங்கத்தைக் கூட்டுகிற மராத்திப் பெரியவர் காகாவின் மகளுக்குக் குழந்தை பிறந்ததையும், பூக்காரருக்குச் செம்பூரிலிருந்து பஸ் கிடைக்காததையும் சொன்னார். யார் பெரியவர், யார் சின்னவர் என்று குரலை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

ஆனால் ஒருவர் விஷயத்தில் மட்டும் குரல் மாறும். சென்னையிலிருந்து வருஷத்துக்கு ஒருமுறை வரும் ஒரு பாடகி அம்மா. அவர் கச்சேரி தொடங்கியதும் அண்ணன் லிப்டை இரண்டாம் மாடிக்குக் கொண்டுவந்து கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார். மேலே அரங்கத்திலிருந்து லிப்ட் குழி வழியாகப் பாட்டு இறங்கி வரும். அந்தக் கதவு திறந்திருக்கும் வரை வேறு எந்த மாடியில் யார் பொத்தானை அழுத்தினாலும் லிப்ட் வராது. அண்ணன் அங்கே செய்த ஒரே தப்பு அதுதான்.

இனி என் தப்புக்கு வருகிறேன்.

துறைமுகத்தில் குமாஸ்தா வேலை பார்த்துக்கொண்டே வளைகாப்பு முதல் அறுபதாம் கல்யாணம் வரை மைக் பிடிப்பவன் நான் என்பது உங்களுக்குத் தெரியும். பலர் அதற்காக என்னை மன்னித்தும் இருக்கிறீர்கள். பதினாலு வருஷத்துக்கு முன்னால், அண்ணன் சொல்லி, அந்த அரங்கத்தில் நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்க முதல் வாய்ப்பு கிடைத்தது. அதே பாடகி அம்மாவின் கச்சேரி. அதற்காக அண்ணன் மாட்டுங்காவில் ஒரு நாலு முழ ஜரிகை வேட்டி எடுத்துக் கொடுத்தார்.

பக்கவாத்தியக்காரர்கள் மேலே போய்விட்டார்கள். அம்மா டிராபிக்கில் மாட்டித் தாமதமாக வந்தார். அண்ணன் அவரை ஏற்றிக்கொண்டபோது, படியருகே சாம்பார் அண்டாவோடு செல்லம்மக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆண்டாப் ஹில்லிலிருந்து காலை ஆறு மணிக்கு வந்தவர். கலைஞர்கள் போகும்போது வேறு யாரையும் ஏற்றக் கூடாது என்பது விதி. அண்ணன் அம்மாவைப் பார்த்தார். அம்மா தள்ளி நின்று அக்காவுக்கும் அண்டாவுக்கும் இடம் கொடுத்தார். கதவு சாத்தும் நேரத்தில் நான் ஓடி வந்தேன்.

"படியில வாடே," என்றார் அண்ணன்.

நான் உடம்பைத் திணித்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். அம்மாவிடம் கேட்கப் பத்து வருஷமாகச் சேர்த்து வைத்த கேள்விகள் இருந்தன. லிப்ட் கிளம்பியது. வேட்டி நுனி கம்பிக் கதவின் கிரீஸ் படிந்த மடிப்பில் சிக்கியிருந்தது. சுவர் உரசிக்கொண்டு போகிறது, வேட்டி இழுக்கிறது. புது ஜரிகை கிழிந்துவிடும் என்ற பயத்தில் கதவைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தேன். ஓடும் லிப்டில் கதவைத் திறந்தால் அது நின்றுவிடும். நின்றது, இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில். அண்ணன் கதவைச் சாத்தி எல்லாப் பொத்தானையும் அழுத்திப் பார்த்தார். அசையவில்லை. விசிறியும் நின்றது. இரும்புப் பெட்டிக்குள் போனில் சிக்னல் இல்லை. எதிரே செங்கல் சுவர்.

ஐம்பது நிமிஷம். முதல் ஐந்து நிமிஷத்தில் அம்மாவுக்கு வியர்த்துக் கொட்டியது. நான் என் தொழிலைக் காட்டினேன். "அம்மா, பயப்படாதீங்க, நாம இப்பதான் மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் நடுவுல இருக்கோம்," என்று ஆரம்பித்தேன்.

"நீங்க கொஞ்சம் பேசாம இருக்கீங்களா?" என்றார் அம்மா.

பத்து வருஷக் கனவில் எனக்குக் கிடைத்த ஒரே வாக்கியம் அது.

அண்ணன் தன் ஸ்டூலைத் துடைத்து அம்மாவிடம் தள்ளினார். செல்லம்மக்கா முந்தானையால் விசிறினார். "மூச்ச மெதுவா விடும்மா. மெக்கானிக் இப்ப வந்துருவாவ. முருங்கக்கா சாம்பார்தான், வாடை ஒண்ணும் செய்யாது," என்றார். அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு இருவரும் முழங்கால் வலியைப் பற்றிப் பேசினார்கள். அம்மாவுக்கும் அதே வலியாம், மேடையில் சம்மணம் போட்டே வந்ததாம். எண்ணெய், ஒத்தடம், மருமகள் என்று பேச்சு போய்க்கொண்டே இருந்தது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கடைசியில் அம்மா அண்ணனிடம் கேட்டார். "நீங்க ஒண்ணுமே பேசலையே. பாட்டெல்லாம் கேப்பீங்களா?"

"கேப்பேம்மா. ரெண்டாவது மாடியில நின்னு."

"அங்க கேக்குமா?"

"குழி வழியா நல்லா கேக்கும். மிருதங்கம் வராது. உங்க குரல் மட்டும்தான் வரும்."

மேலே மெக்கானிக் கையால் சக்கரத்தைச் சுற்ற ஆரம்பித்திருந்தார். சாண் சாணாக ஏறினோம். அந்த லிப்டுக்குள் அம்மா பாடினார், அண்ணன் தாளம் போட்டார் என்று நான் உங்கள் வீட்டு விசேஷங்களில் எல்லாம் சொல்லியிருக்கிறேன். அம்மா பாடவில்லை. அது என் சொந்தச் சரக்கு.

மூன்றாவது மாடியில் செயலாளர் நின்றுகொண்டிருந்தார். அம்மா உள்ளே போனதும் கேட்டார். "ஓடுற லிப்ட்ல யார் கேட்டைத் திறந்தது?"

என் கையில் அதற்குள் மைக்கைக் கொடுத்துவிட்டார்கள். அண்ணன் என் வேட்டியைப் பார்த்தார். பிறகு, "நாந்தான் சார். கை தவறிட்டு," என்றார். நான் மேடைக்குப் போய் அனைவரையும் வருக வருக என்று வரவேற்றேன்.

ஆளையும் அண்டாவையும் ஏற்றியதும் சேர்த்துக் கணக்கில் வந்தது. அடுத்த வாரம் அண்ணனை வாசலில் செருப்பு வாங்கி டோக்கன் கொடுக்கும் இடத்துக்கு மாற்றினார்கள். பாட்டுக்காரர்களைக் கண்டால் அவருக்குப் புத்தி தடுமாறிவிடும், அதனால் வந்த வினை என்று உங்களில் சிலர் பேசினீர்கள். நான் மறுக்கவில்லை. பத்து வருஷம் நிகழ்ச்சி தவறாமல் என் ஷூவைக் கழற்றி அண்ணனிடம் கொடுத்துவிட்டுத்தான் மேடைக்குப் போனேன். செல்லம்மக்கா மட்டும் பார்க்கும்போதெல்லாம், "ஒனக்கு வாயி மைக்குக்கு முன்னால மட்டும்தான் தொறக்குமோல?" என்பார். வெளியே சொல்லக் கூடாது என்று அண்ணன் அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

செருப்பு வைக்கும் இடம் ரோட்டை ஒட்டி இருக்கிறது. அங்கே பஸ் சத்தம்தான் கேட்கும். அண்ணனுக்குப் பாட்டு போய்விட்டது என்பதே எனக்குத் தோன்றவில்லை. ரொம்ப நாள் கழித்து அண்ணி சொல்லித்தான் தெரிந்தது.

அடுத்த வருஷம் அந்த அம்மா வரவில்லை; இரண்டு வருஷம் கழித்துத்தான் மறுபடி வந்தார். அப்போது ஆளில்லாத புது லிப்ட். மேடைக்குப் பின்னால் என்னிடம், "ரெண்டாவது மாடியில நின்னு கேப்பாரே, அவர் எங்க? பாக்கணுமே," என்றார்.

அண்ணன் மூன்று மாடிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டால் ஏன் செருப்பு வாங்குகிறார் என்று அம்மா கேட்பார். செயலாளர் பக்கத்தில் நிற்கிறார்.

"ரிட்டயர் ஆயிட்டாரும்மா," என்றேன்.

கச்சேரி முடிந்து அம்மா பின்வாசல் வழியாகக் காரில் போய்விட்டார். என் ஷூவை எடுத்துக் கொடுக்கும்போது அண்ணன் கேட்டார். "அம்மா நல்லா பாடினாவளா?" நான் தலையாட்டினேன்.

கடைசி ஒரு மாதம் அண்ணன் மருத்துவமனையில் ஆக்ஸிஜன் முகமூடியோடு கிடந்தார். ஒருநாள் மத்தியானம் யாரும் இல்லாத நேரம் பார்த்து, "அண்ணே, அந்த லிப்ட் கதவு," என்று ஆரம்பித்தேன்.

அண்ணன் முகமூடியை விலக்கினார். "அந்த வேட்டி என்னாச்சுடே?"

"பெட்டிக்குள்ள கெடக்கு. கறை போகல."

"நல்ல வேட்டிடே. உடுத்து."

நர்ஸ் வந்து முகமூடியைத் திரும்ப மாட்டிவிட்டார். அவர் மன்னித்தாரா, பேச்சை மாற்றினாரா என்று இந்த ஒரு வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அம்மா தேடியதை மட்டும் அன்றும் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். மூன்றாம் நாள் அண்ணன் போய்விட்டார்.

முலுண்டில் இருக்கும் அண்ணன் மகன் இந்தக் கட்டுரையைக் கேட்டு, "சித்தப்பா, ஆடியோ பண்ணி அனுப்புங்க. தமிழ் படிக்க எனக்கு டைம் லகேகா," என்றான். நேரம் பிடிக்குமாம். அனுப்பவில்லை. அப்பா வேலையில் தப்புப் பண்ணி இறக்கப்பட்டவர் என்று கேட்டே வளர்ந்த பிள்ளை நீ. எழுத்துக்கூட்டியாவது நீயே படி. படித்துவிட்டு வந்து என்னைக் கேள். இன்று நான் எங்கேயும் ஓட மாட்டேன்.

பல வருஷம் அண்ணனோடு ஒரே டப்பாவில் சாப்பிட்ட கூட்டுகிற காகாவுக்கு நன்றி. ஸ்ட்ரெச்சர் நுழையாத எங்கள் சந்தில் அண்ணனைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து ஆம்புலன்ஸ் வரை தூக்கிப் போன பட்டறைக்காரர்களுக்கு நன்றி. ஒரு மாதம் தரையில் பாய் போட்டுப் படுத்துப் பார்த்துக்கொண்ட அண்ணிக்கு நாங்கள் எந்த வார்த்தையில் சொல்ல. சத்தியத்தை அண்ணன் இருக்கும்வரை காப்பாற்றிய செல்லம்மக்காவுக்கு நன்றி. அக்கா, எழுதிவிட்டேன். நிம்மதியாகச் சாப்பிடுங்கள்.

வாசலில் நான்தான் உங்களை வரவேற்றிருப்பேன். என் வேட்டிக் கரையில் இரண்டு கறுப்புக் கோடுகளைப் பார்த்திருப்பீர்கள். சாம்பார் இல்லை. அண்ணன் சொன்னபடி உடுத்தியிருக்கிறேன்.