ஒன்பதடி அறை

டொரண்டோவில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் என் விரல் தானாகச் சுவரைத் தட்டிப் பார்க்கிறது. எங்கள் ஊர் ராஜபாளையத்தில் சுவரைத் தட்டினால் விரல்தான் வலிக்கும். இங்கே காலி டப்பாவைத் தட்டியது போலச் சத்தம் வருகிறது. மரச்சட்டத்தில் ட்ரைவால் என்ற பலகையை அடித்து அதைச் சுவர் என்கிறார்கள். ஊரில் இதைப் படிப்பவர்களுக்குச் சிரிப்பு வரலாம். சென்ற வாரம் என் வீட்டுச் சுவரை அப்படித் தட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுப் பெரியவர் கதவருகே வந்து நின்றார். "மன்னிக்க வேண்டும், ரேடியோவைக் குறைத்துவிட்டேன்," என்றார். ரேடியோ என் காதில் விழவே இல்லை என்றேன், நம்பவில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டில் சத்தமே இல்லை.

சுவர் என்ன கனம் கனக்கும் என்று எனக்குச் சொன்னவள் முத்துமாரி. என் அய்யா கொத்தனார். அவரிடம் சித்தாள் வேலைக்கு வ. புதுப்பட்டி என்ற ஊரிலிருந்து பஸ் ஏறி வருவாள். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். ஆர்க்கிடெக்ட் படிப்பை முடித்து, தொண்ணூறுகளின் நடுவில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஜவுளிக்கடைக்காரருக்கு மாடிவீடு வரைந்து கொடுத்தேன். அய்யாதான் கட்டினார். சனிக்கிழமைகளில் சுருட்டிய வரைபடத்தோடு நான் போய் நின்றால் முத்துமாரி சும்மா விடமாட்டாள்.

"ஏட்டி, காயிதத்துல கோடு போட்டா ஆச்சா? இந்தக் கலவைச் சட்டிய செத்த நேரம் தூக்கிப் பாரு. ஒன் சுவரு எம்புட்டுக் கனம்னு தெரியும்."

"அவ சட்டி தூக்கவா அம்புட்டு வருசம் படிக்க வச்சேன்?" என்பார் அய்யா, சாரத்தின் மேலிருந்து. என் தலை இன்னும் கொஞ்சம் நிமிரும்.

என் வரைபடத்தில் அய்யாவுக்குப் படிக்கத் தெரிந்தவை எண்கள் மட்டும். மாடியில் ஓர் அறைக்கு உள்ளளவு ஒன்பதடி போட்டிருந்தேன். மனையடி சாஸ்திரக் கணக்கில் ஒன்பது ஆகாது. ஜவுளிக்கடைக்காரர் முகம் சுளித்திருக்கிறார். நாலு பேர் முன்னால் மகளைத் திருத்த அய்யாவுக்கு மனமில்லை. நான் வேறு வேலையாக மதுரையில் இருந்த இரண்டு வாரத்துக்குள் அவராகவே வெளிச்சுவரை ஓரடி தள்ளிக் கட்டிப் பத்தாக்கிவிட்டார். அந்த ஓரடி, கீழே தாங்க எதுவுமில்லாத பால்கனித் தளம். தளத்துக்குக் கொடுத்திருந்த முட்டுக்கம்புகளைப் பிரித்த அன்று மத்தியானம், சுவரும் தளமும் சேர்ந்து விழுந்தன. அடியில் நிழலுக்கு உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்துகொண்டிருந்தாள் முத்துமாரி. அவள் பிழைக்கவில்லை.

விசாரிக்க வந்தவர்கள் டேப் பிடித்து அளந்தார்கள். யாரும் என்னைக் கேட்கும் முன்பே வரைபடத்தை விரித்து, "நான் போட்டது சரி. ஒன்பதுதான்," என்றேன். உண்மைதான். ஆனால் அதை நான் சொன்ன வேகம் இன்றைக்கும் என்னைக் கூச வைக்கிறது. அய்யா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். "ஆமாங்கய்யா, பாப்பா போட்டது சரிதான். நாந்தான் தள்ளிக் கட்டுனேன்."

வழக்கு முடிந்து திரும்பிய அய்யாவை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. எனக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது.

இங்கே மூன்று வருடம் அலுவலகத்தில் வரைந்தேன். எந்தச் சுவருக்குக் கோடு இழுத்தாலும் அதன் அடியில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்து அதே கோடுகளைக் கான்வாஸில் வர்ணத்தால் போடும்போது மட்டும் அவள் வரவில்லை. போன மாதம் வேலையை விட்டேன். இனி முழுநேரமும் ஓவியம்தான் என்றேன். மேலாளர் புரியாமல், எத்தனை நாள் லீவு வேண்டும் என்று கேட்டார்.

அய்யாவை, ஊரில் எங்கள் தெருமுனைக் கடை போனுக்கு வரச்சொல்லிச் சொன்னேன். "அய்யா, வேலைய விட்டுட்டேன். படம் வரையப் போறேன்."

அய்யா போனை மறு காதுக்கு மாற்றும் சத்தம் கேட்டது.

"படம்னா... அதுக்கு அடியில யாரும் உக்கார மாட்டாங்கல்ல?"

"மாட்டாங்கய்யா."

"அப்பப் போடு பாப்பா."

கேட்க வேண்டும் என்று வைத்திருந்த மன்னிப்பை அன்றும் கேட்கவில்லை.

இப்போது தரையில் கான்வாஸை விரித்து அந்த அறையை நிஜ அளவில் வரைகிறேன். மூன்று சுவர் முடிந்துவிட்டது. நாலாவதற்கு ஒன்பதடியில் என் கோடு, பத்தடியில் அய்யாவின் கோடு. நடுவில் இருக்கும் ஓரடியில் பாதங்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு நிற்கிறேன். இரண்டு கோடும் ஈரம். காயும்வரை எந்தப் பக்கமும் கால் வைக்க முடியாது.