முதலாளிக்கு முதலில் காட்டிய படம்

பரந்தாமன் அண்ணன் இன்று காலை காலமானார். சின்ன காஞ்சிபுரத்தின் பட்டு நெசவாளர். எழுபதுகளில் எட்டு எம்.எம். கேமராவால் எங்கள் தெருவைப் படம் எடுத்தவர்.

அதற்குள், "சமரசம் அறியாத கலைஞர்" என்று முகநூலில் நான்கு பதிவுகள். வாசிக்கவே அருவருப்பாக இருக்கிறது...

அவருடைய வேட்கையை நான் மறுக்கவில்லை. சைக்கிளைக் கொடுத்துவிட்டு அந்தப் பழைய கேமராவை வாங்கி வந்தார். பிறகு எங்கும் நடைதான்.

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, அவர் நெய்த கூடத்திலேயே தறிக்கு வந்தவள் நான். கேமராவின் ஆங்கிலக் கையேட்டை அகராதியின் துணையோடு படித்து அவருக்கு விளக்கியவளும் நானே.

ஒரு நாள் அவரே தறியில் நெய்யும் காட்சி வேண்டியிருந்தது. "நீயே புடிம்மா கோமளா" என்று கேமராவை என்னிடம் தந்தார்.

பக்கத்துத் தறியில் குப்பம்மா அக்கா, விடியலில் உட்கார்ந்தவர். கேமராவை அவர் பக்கம் திருப்பினேன். வாய் நிறையக் கொட்டாவி விட்டார். என்னைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"அடிப்பாவி, இதையுமா புடிக்கிறே!"

கேமராவை ஓட்ட முறுக்கிய சாவி தீரும்வரை நான் அதை இறக்கவில்லை. வாழ்நாளில் நானாக எடுத்த ஒரே காட்சி.

சேலையைத் தறியிலிருந்து அறுத்ததும் முதலில் முதலாளிக்குக் காட்டுவது எங்கள் வழக்கம். படம் முடிந்ததும் அண்ணன் அதையும் அப்படியே எடுத்துக்கொண்டு புறப்பட்டார்.

"இது இன்னா சேலையாண்ணே, அவரு குறை பாக்குறதுக்கு?"

"அவருக்குக் காட்டாம ஊருக்குப் போட்டா நல்லாருக்குமாம்மா?"

முதலாளி குறைதான் பார்த்தார்.

"இன்னாபா இது, பொம்பள கொட்டாவி உட்டுக்கினு இருக்குது? நம்ம தறிக்கே கேவலம்பா. வெட்டிடு."

அந்த ஃபிலிமுக்கு நெகட்டிவ் கிடையாது. எடுத்ததே ஒரே பிரதி. சொன்னேன்... கெஞ்சினேன்.

"முதலாளி சொல்லிட்டாரேம்மா" என்றார். இழை கத்தரிக்கும் கத்தரியால், என் கண்ணெதிரே வெட்டி, கழிவு நூல் கூடையில் போட்டார். அந்த இடத்தில் முதலாளி மாலையோடு நிற்கும் காட்சியை ஒட்டினார்.

அந்த அருவருப்பு இன்றளவும் தீரவில்லை. முதலாளியின்மீது அல்ல; அவருக்குச் சேலைதான் பார்க்கத் தெரியும். அண்ணனுக்குப் படம் பார்க்கத் தெரியும். தெரிந்தே வெட்டினார்.

சென்ற மாதம் மருந்துக் கடையில் எதிர்ப்பட்டார். என் பக்கம் வந்து சொன்னார்.

"கோமளா... அன்னிக்கு கேமரா புடிச்சப்போ உன் கை ஆடவே இல்லம்மா."

"தெரியும்ண்ணே" என்றேன். மருந்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இரங்கல் கூட்டத்தில் பேச அழைத்திருக்கிறார்கள். வர மாட்டேன்.

போய் வாருங்கள், அண்ணே.