கனவில் தொலைந்த படிப்பு

போன வியாழக்கிழமை காலை. மாகறல் பஸ் ஸ்டாப். உத்திரமேரூர் பஸ் வந்து நின்றது. பக்கத்தில் நின்ற கோவிந்தம்மாள் என்னைப் பார்த்துக் கேட்டார்: "சார், இது எந்த பஸ்சு?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. பின்னே? ஆறு மாதமாக எங்கள் எழுத்தறிவு வகுப்பில் என்னிடம் படிக்கிறவர் அவர். பகலெல்லாம் நடவு, களையெடுப்பு... சாயங்காலம் சிலேட்டு. எந்த பஸ் வந்தாலும் கண்டக்டருக்கு முன்னாடியே போர்டை உரக்கப் படித்து, எல்லாரையும் ஏற்றிவிடுகிற ஆள். அவரா இப்படிக் கேட்பது?

"போர்டு எதிர்லயே இருக்கே, படிங்க."

முகத்தைத் திருப்பிக்கொண்டார். "படிப்பு பூடுச்சு சார்."

"எங்க போச்சு?"

"திங்கக்கெயம கனவுல."

பஸ் கிளம்பிவிட்டது. இரண்டு பேருமே ஏறவில்லை.

கனவில் அவர் கையில் ஒரு கடிதம். எல்லாம் தெரிந்த எழுத்துதான். கூட்டிப் படித்தால் 'மொங்குடாளி' என்று வந்ததாம். மறுபடி பார்த்தால் 'கிணுப்புராம்.' மூன்றாம் தடவை பார்ப்பதற்குள் எழுத்தெல்லாம் இடம் மாறி... அலறி எழுந்திருக்கிறார். அன்றிலிருந்து எந்த எழுத்தையும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. பார்த்து, படிக்க வராமல் போய்விட்டால்?

"அட, எனக்கும் வரும்மா அந்த மாதிரி" என்றேன். நிஜம்தான். போன மாதம், பத்திரிகைக்கு நான் எழுதும் இந்தப் பத்தியையே கனவில் படித்தேன். 'பளுக்காந்தியை நிழலில் மடிக்கவும்' என்று அச்சாகியிருந்தது. ஆகா, என்னமாய் எழுதியிருக்கிறேன் என்று தலையை வேறு ஆட்டினேன்! விழித்த பிறகுதான் பளுக்காந்தி என்றால் என்ன என்று யோசித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. "நீங்க காலேஜி வரிக்கும் படிச்சவரு. கொஞ்சம் பூட்டாலும் மிச்சம் கீது. எங்கிட்ட கீறதே ஆறு மாசத்துப் படிப்பு சார்."



அப்புறம்தான் இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து அதை எடுத்தார். நீல இன்லேண்ட் லெட்டர். ஒட்டியது ஒட்டியபடி இருந்தது. பெங்களூர்ப் பக்கம் கட்டட வேலைக்குப் போன மகள் செல்வி எழுதியது. நிறைமாத கர்ப்பிணி. திங்கட்கிழமை சாயங்காலம் வந்த கடிதத்தை, விடிந்ததும் தைரியமாகப் படிக்கலாம் என்று தலைமாட்டில் வைத்துப் படுத்திருக்கிறார். வந்தது கனவு.

போன வருடமும் செல்வியிடமிருந்து இப்படி ஒரு கடிதம் வந்ததாம். டீக்கடையில் கொடுத்துப் படிக்கச் சொன்னாராம். கடைக்காரர் நல்ல மனுஷர்தான் – ஆனால் அவருக்குச் சத்தம் போட்டுத்தான் படிக்க வரும். பிறந்த குழந்தை தங்கவில்லை என்ற சேதி, பெஞ்சில் வடை தின்றுகொண்டிருந்த அத்தனை பேருக்கும் போய்ச் சேர்ந்தது. வகுப்பு ஆரம்பித்த அன்று இவர் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தது ஏன் என்று எனக்கு இப்போதுதான் தெரிந்தது.

"குடுங்க. நான் மனசுக்குள்ளயே படிச்சிட்டு உங்ககிட்ட மட்டும் சொல்றேன்."

"அப்பவும் மொதல்ல உங்குளுக்குத்தான சார் தெரியும்?"

நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன்.

சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து ஓரத்தைக் கிழித்தார். விரலை வைத்துக் கூட்டினார். "அ... ன்... பு..." விரல் நின்றுவிட்டது. எடுத்துக் கொடுக்கவும் பயம், சும்மா இருக்கவும் பயம்.

"ள்... ள... அன்புள்ள அம்மாவுக்கு!" சடாரென்று நிமிர்ந்தார். "கீது சார்! போவல, கீது!"

பிறகு சத்தம் நின்றது. உதடு மட்டும் அசைந்தது. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த பஸ்ஸும் வந்து போனது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பொட்டப்புள்ள சார். ரெண்டு பேரும் நல்லா கீறாங்களாம்."

எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. அவர் மறுபடி குனிந்து கடைசி மடிப்பு வரை படித்தார். நடுவில் ஒருமுறை வெட்கப்பட்டுச் சிரித்தார். ஒருமுறை "அடிப்பாவி!" என்றார்.

"அப்புறம் என்ன எழுதியிருக்கா?" ஆர்வம் தாங்காமல் கேட்டேன்.

கடிதத்தை மடித்துச் சுருக்குப்பைக்குள் போட்டுக் கயிற்றை இழுத்தார்.

"அது எங்க வூட்டு சமாச்சாரம் சார்."

அந்த 'அடிப்பாவி' எதற்கு? இன்றுவரை தெரியாது... தெரியவே வேண்டாம்!