மாதாவின் முகத்தை மறைத்த கம்பி

என் கணவரும் ட்ரக்டர் ஓட்டுகிறவர்தான். ரூவாசி விமான நிலையத்தில் பயணப்பெட்டி வண்டில்களை இழுத்துக்கொண்டு போகும் சின்ன மின்சார வண்டி அது. பிரெஞ்சுக்காரர் அதற்கும் ட்ரக்டர் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் பெயரால் எங்கள் குடும்பத்துக்கு வந்த வினை கொஞ்சநஞ்சமல்ல.

மன்னாரில் வயல் செய்யும் என் தம்பியிடம் இருப்பதுதான் உண்மையான ட்ரக்டர். டீசல் குடிக்கும், சேற்றில் இறங்கும், குளக்கட்டில் ஏறும், கவனம் பிசகினால் ஆளையும் கொல்லும்.

நான் லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில், ரூ பிலிப்-து-ஜிராரில் ஒரு மரக்கறிக் கடையில் வேலை செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமையும் கடை உண்டு. பூசை முடிந்ததும் இவர் என்னோடு லா சப்பல் வந்து, கடை வாசலில் தேத்தண்ணியோடு நின்று, சிநேகிதர்கள் சூழ, தம்பிக்கு வீடியோவில் பாடம் எடுப்பார். எஞ்சின் எண்ணெய் பார்த்தாயா என்று கேட்பார். தன் வண்டிக்கு அப்படி எண்ணெயே கிடையாது, சார்ஜரில் கொழுவினால் போதும் என்பதை மட்டும் வாய் திறந்து சொல்லமாட்டார். எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதே, சில்லுக்கு மேலே ஒருவரையும் ஏற்றாதே, பெல்ட் போடாமல் ஏறாதே. எல்லாம் சரியான புத்திமதி. அதுதான் எனக்கு எரிச்சல். பிழையாகச் சொன்னாலாவது வாயை மூடச் சொல்லலாம்.

கேட்பவன் கேணையன் என்றால் எருமை மாடு ஏரோப்பிளேன் ஓட்டும் என்பார்கள். தம்பி கேணையன் அல்ல. ஆனால் எங்கள் பக்கத்தில் அக்காவின் புருஷன் சொன்னால் சொன்னதுதான். அத்தான் வாயால் வந்ததை அத்தான் வாய்தான் மாற்ற வேண்டும். ஆகவே எல்லாவற்றுக்கும் "ஓம் அத்தான்" என்பான்.

ஆவணியில் ஊர்க் கோயில் திருவிழா வந்தது. மாதாவின் சுரூபத்தை இழுவைப் பெட்டியில் ஏற்றி, தம்பியின் ட்ரக்டர்தான் ஊர் முழுக்க இழுத்துப் போகும். தம்பியின் மனைவி முன்னால் நடந்து வீடியோ எடுப்பாள், நாங்கள் இங்கே பார்ப்போம். முதல் நாள் பின்னேரம் பார்த்தால், மாதாவின் முகத்துக்குக் குறுக்கே ஒரு இரும்புக் கம்பி. ஓட்டுபவரின் இருக்கைக்குப் பின்னால் வளைவாக நிற்குமே, வண்டி குடைசாய்ந்தால் ஆள் நசுங்காமல் காப்பது, அந்தக் கம்பி. இவர் உடனே போனை எடுத்தார். கம்பியைக் கழற்று, மாதா தெரியவில்லை என்றார். அடுத்த நாள் மாதா வடிவாகத் தெரிந்தா. லா சப்பலில் எல்லாரும் இவரைப் புகழ்ந்தார்கள்.

மழை தொடங்கி உழவு வந்தபோது, நான் கடையில் நிற்கும்போதே தம்பியின் மனைவி போன் எடுத்தாள். முருங்கைக்காய் நிறுத்துக்கொண்டிருந்தேன்.

"மச்சாள், அந்தக் கம்பி இன்னும் கோழிக்கூட்டுக்கு மேலைதான் கிடக்குது. பெல்ட்டை மட்டும் ஒழுங்காப் போடுறார். ட்ரக்டர் பிரண்டால் பாய்ஞ்சு தப்பவும் ஏலாது."

கம்பி இருந்தால் பெல்ட் உயிரைக் காக்கும். கம்பி இல்லாவிட்டால் அதே பெல்ட் ஆளை வண்டியோடு கட்டிவைத்து, வண்டிக்குக் கீழேயே கொண்டுபோகும். என் மனுசனின் இரண்டு கட்டளைகளையும் தம்பி எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றிக்கொண்டிருந்தான்.

கம்பியைத் திரும்பப் பூட்டச் சொல்லித் தம்பியிடம் கேட்டேன். அத்தான் சொல்லட்டும் அக்கா, பூட்டுகிறேன் என்றான். வீடு திரும்ப, கூசேன்வில் போகும் ரயிலில் இவரிடம் சொன்னேன். தன்னுடைய வண்டியிலும் கம்பி இல்லையே என்றார். உங்கள் விமான நிலையம் தோசைக்கல் மாதிரி, அவன் குளக்கட்டில் ஏறுகிறான் என்றேன். காதில் பாட்டை மாட்டிக்கொண்டார். தான் சொன்னது பிழை என்று ஒப்புக்கொள்வதைவிட அந்த மனுசன் ஓடும் ரயிலில் இருந்து குதிப்பார். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து தெரியும்.

அடுத்த ஞாயிறு வாசலில் பாடம் தொடங்கியதும் கடையைவிட்டு வெளியே வந்தேன். சிநேகிதர்கள் எல்லாரும் நின்றார்கள். இவர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன்.

"தம்பி, அத்தான் கேக்கிறார், திருவிழா முடிஞ்ச கையோடை கம்பியைப் பூட்டினனியோ எண்டு."

இவர் என்னைப் பார்த்தார். சிநேகிதர்கள் இவரைப் பார்த்தார்கள்.

"என்னடாப்பா, இன்னும் பூட்டேல்லையோ?" என்றார் கணவர், பெரிய கோபத்தோடு.

"நீங்கள் சொல்லேல்லை அத்தான்."

"இதையும் நான் சொல்லவேணுமோ? இண்டைக்கே பூட்டு."

"ஓம் அத்தான்."

அன்றே பூட்டினான். தை பிறக்குமுன், பக்கத்து வயல்காரரின் சேற்றில் புதைந்த இழுவைப் பெட்டியை இழுத்துக் குளக்கட்டில் ஏற்றும்போது முன்சில்லு மேலே கிளம்பி, ட்ரக்டர் புரண்டது. பெல்ட்டில் தொங்கியபடி கிடந்தவனை இழுத்து எடுத்தார்கள். தோளில் சிராய்ப்பு, அவ்வளவுதான். கம்பி வளைந்து கிடந்த படத்தை அனுப்பினான். அதைப் பார்த்து நான் வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்தியிருந்து அழுதேன்.

இவர் அந்தப் படத்தை லா சப்பல் முழுக்கக் காட்டினார். "நான் சொல்லித்தான் பூட்டினவன்." கேட்டவர்கள் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். சொல்லிவிட்டுப் போகட்டும். வளைந்ததை நிமிர்த்திப் பூட்டக்கூடாது, புதிதுதான் போட வேண்டும் என்பதையும் அவர்தான் சொன்னார், நான் காதில் ஓதிய பிறகு.

இந்த ஆவணியிலும் வீடியோ வந்தது. புதுக் கம்பி சரியாக மாதாவின் முகத்துக்குக் குறுக்கே நின்றது. இவர் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தேத்தண்ணியைக் குடித்தார். மாதாவின் முகம் கடைசிவரை தெரியவில்லை. கம்பிக்குக் கீழே, பெல்ட்டும் போட்டுக்கொண்டு, தம்பியின் முகம் தெரிந்தது.