கணவர் பெயர் என்ற கட்டம்

கோலாலம்பூரில் ஆறு மாதப் பயிற்சி முடித்து நான் ஊர் திரும்பிய வாரத்தில், எங்கள் தெருவில் அரசிடம் வீட்டுமனைப் பட்டா கேட்டு மனு எழுதிக்கொண்டிருந்தார்கள். உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகும் வழியில் எங்கள் ஊர். அம்மாவுக்குச் சொந்த மனை கிடையாது. நான் ஆறாவது படிக்கும்போது அப்பா விட்டுப்போனார். அப்போதிலிருந்து அம்மா, தன் தம்பி குடியிருக்கும் பட்டா இல்லாத மனையில் ஓரமாக ஒரு கொட்டகை போட்டு, கூலிக்கு நடவு நட்டு, அங்கிருந்தே என்னை இன்ஜினீயர் ஆக்கினாள்.

தெருவுக்கெல்லாம் மனு எழுதித் தருகிறவர் வேறு ஒருவர்; அவரையும் நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவர் அம்மாவுக்குத் தனி மனு எழுதவில்லை. தம்பியின் மனுவில் குடும்பத்தினர் வரிசையில் கடைசியாகச் சேர்த்திருந்தார். ஒரு மனுவுக்கு ஒரு மனைதான்.

“வுடு, எதுக்கு பேஜாரு,” என்றாள் அம்மா.

ஆறு மாதத்துக்கு முன்பு என்றால் நானும் விட்டிருப்பேன். ஏன் விடவில்லை என்று சொல்ல, கோலாலம்பூரில் நான் செய்த தப்பைச் சொல்ல வேண்டும்.

வீட்டு வேலைக்காக வெளிநாடுகளிலிருந்து வந்த பெண்களுக்காக வாதாடும் சிறிய அமைப்பில்தான் எனக்குப் பயிற்சி. காகிதத்தில் இருந்த புகார்களைக் கணினிக்குக் கொண்டுவருவது என் வேலை. முதல் வாரத்திலேயே படிவம் தயார். பெயர், வயது, சொந்த ஊர், வேலை செய்யும் வீட்டின் முகவரி, பாஸ்போர்ட் யார் கையில் இருக்கிறது, கடைசியாக வெளியே விட்டது எப்போது. பெயருக்கு அடுத்து ‘தந்தை / கணவர் பெயர்’. அதற்கு ஒரு சிவப்பு நட்சத்திரம்; நிரப்பாமல் படிவத்தைச் சேமிக்க முடியாது. அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. எட்டாவதிலிருந்து ரேஷன் கார்டு, சாதிச் சான்று, ஸ்காலர்ஷிப் என்று வீட்டு விண்ணப்பங்களை நான்தான் நிரப்பி வந்தேன். எல்லாவற்றிலும் அந்தக் கட்டம் இருந்தது. விட்டுப்போனவர் பெயரை ஒவ்வொரு தடவையும் அழகான கையெழுத்தில் எழுதியிருக்கிறேன்.

மூன்றாவது வாரம் செய்யாறு பக்கத்துப் பெண் ஒருத்தி வந்தாள். முதலாளி பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு தர மறுக்கிறார். அவள் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். கணவர் பெயர் கேட்டபோது வேண்டாம் என்றாள். படிவத்தைச் சேமிக்க முடியவில்லை. நான்கு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு, “ஏதாவது ஒரு பேரு சொல்லுங்களேன்,” என்றேன்.

“அவங்கிட்டேர்ந்து தப்பிச்சிக்கினுதான் கடலத் தாண்டி வந்துகீறேன். நீ இங்க ஒக்காந்துக்கினு அவன் பேரக் கேக்கற?” பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

அலுவலகத்தை நடத்தும் அக்கா வாசல்வரை ஓடி அவளை அழைத்துவந்து, டீ கொடுத்து, புகாரைக் காகிதத்தில் எழுதி வாங்கினார். பிறகு என் திரையைக் காட்டி, “இந்தப் பெயர் நமக்கு எதுக்கு?” என்றார். அந்தக் கட்டத்தை நீக்க எனக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

அதனால்தான் அம்மா ‘வுடு’ என்றதற்கு மறுநாள் காலை ஊர் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டிக்குப் போனேன். அதன் அடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு மாமா உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் மனு எழுத வந்த பெண்கள்.

“வாம்மா பாரின்! இன்னா சேதி?”

“எங்கம்மாவுக்குத் தனி மனு எழுதணும் மாமா.”

“அதான் தம்பி மனுவுல பேரு கீதே.”

“கடைசி வரியில கீது. மனை தம்பிக்கு வரும். எங்கம்மாவுக்கு இன்னா வரும்?”

அவர் ஒரு வெற்று மனுவை எடுத்துக் கட்டத்தைத் தட்டினார். “இங்க புருசன் பேரு எயுதணும். எயுதுனா ஆளு எங்கன்னு கேப்பாங்க. எங்க கீறான் உங்கப்பன்?”

“தெரியாது. அந்தக் கட்டத்த அப்படியே வுடுங்க.”

“திருப்பி அனுப்பிடுவாங்கம்மா.”

“அனுப்பட்டும். எதுக்குன்னு எழுத்துல வாங்கிக்கினு மறுபடியும் போடுவேன்.” ஆதார், ரேஷன் கார்டு, அந்தக் கொட்டகையில் எத்தனை வருடமாக இருக்கிறோம் என்று அம்மாவின் தம்பியே எழுதித் தந்த கடிதம், எல்லாவற்றையும் வரிசையாக அவர் முன் வைத்தேன்.

“வெளிநாடு போயி இத்தான் கத்துக்கினு வந்தியா?”

“ஆமா மாமா. இத்தான்.”

“எயுதுண்ணா,” என்றாள் வரிசையில் நின்ற ஒருத்தி. “ஏரோப்ளேன்ல போயி கத்துக்கினு வந்துகீது, வீணாப் பூடப்போவுது.” எல்லாரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்துவிட்டு எழுதத் தொடங்கினார். அந்தக் கட்டத்தில் பேனா நின்றது.

அதற்குள் யாரோ சொல்லி, நடவிலிருந்து அம்மாவே வந்துவிட்டாள். முழங்கால் வரை சேறு. “நீ இன்னாம்மா சொல்ற?” என்று மாமா அவளைக் கேட்டார். அம்மா என்னைப் பார்க்கவில்லை. மனுவைத்தான் பார்த்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

“பேனாவக் குடுண்ணா.”

கட்டத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, கட்டத்தையும் தாண்டி, ஒரு கோடு இழுத்தாள்.

“சின்னதாப் போட்டாப் போதும்மா,” என்றார் மாமா.

“சின்னதாப் போட்டா மிச்ச எடத்துல யார்னா அவன் பேர எயுதிடுவாங்க.”

அன்றே மனுவைத் தாலுகா அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கியவர் கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முத்திரை குத்தினார். பட்டா இன்னும் வரவில்லை. ஒப்புகைச் சீட்டு வந்திருக்கிறது. அதில் அம்மாவின் பெயர் மட்டும் இருக்கிறது.